மெட்டியை மணலில் மறைத்தவளுக்கு

மயூர் விஹார், தில்லி
வியாழக்கிழமை

வைதேஹிக்கு உமாமகேஸ்வரி எழுதுவது.

வைத்தி அண்ணன் சௌக்கியம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இன்று காலை மூன்று தோசை சாப்பிட்டார். நாலாவதுக்கு ஆசைப்பட்டு, வைதேஹி இருந்தால் திட்டுவாள் என்று சொல்லித் தட்டை நகர்த்திவிட்டார். இருமல் இருக்கிறது, இந்தப் புகையில் தில்லியில் யாருக்குத்தான் இல்லை. மற்றபடி பேஷாக நடமாடுகிறார். கோவாவில் ஒரு கூட்டமே உன் புருஷனுக்காகக் கண்ணீர் விட்டதே, அவர்களில் யாராவது உன்னைக் கூப்பிட்டால் இந்தச் செய்தியைச் சொல்.

போனில் பேசினால் என்ன என்பாய். போனில் நீ என்னை இரண்டு வாக்கியம் முடிக்க விடமாட்டாய். "உமா, நான் சொல்றதைக் கேளுடி" என்று ஆரம்பிப்பாய், நானும் கேட்டுத் தொலைப்பேன். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் நீ இப்போது மும்பையில் அர்விந்த் வீட்டில் இருக்கிறாய், அவன் உன் போனை எடுத்துப் பார்க்கிறவன். பெற்ற பிள்ளைக்குத் தெரியவேண்டிய விஷயமா இது? காகிதத்தில் தமிழில் எழுதினால் அவனுக்குப் படிக்க வராது. கூரியரில் போடுகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போடலாம் என்று வைத்தி அண்ணன் எவ்வளவோ சொன்னார், நீதான் கான்வென்ட் என்று ஒற்றைக்காலில் நின்றாய். அதுவும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று.

மாநாடு என்று நீ சொன்னபோது நான் மேடை, மைக், மாலை என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் கடற்கரையில் ஒரு ரிசார்ட், சின்னத் தொழில் செய்கிற பெண்கள் இருபது பேர், நடுவில் பாயல் மேடம். ஊறுகாய் போடுகிறவள், மெழுகுவர்த்தி செய்கிறவள், குழந்தைச் சட்டை தைக்கிறவள், மாவு அரைக்கிற நாம் இருவர். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று சொல்லிச் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், போனையெல்லாம் ஒரு பிரம்புக்கூடையில் போடச் சொன்னார்கள், மணலில் வட்டமாக உட்காரச் சொன்னார்கள். சாம்பாரில் சர்க்கரை போட்டிருந்தார்கள். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த அட்டையில் உன் பேருக்குக் கீழே நிறுவனர் என்றும், என் பேருக்குக் கீழே சமையலறை என்றும் போட்டிருந்தது. அச்சடித்தவன் தப்பு என்று நீ சொன்னாய். நானும் சரி என்றேன். பாதி தொழில் உன்னுடையது, பாதி என்னுடையது என்று இந்த மயூர் விஹாரில் பால்காரனுக்குக்கூடத் தெரியும். கோவாவில் தெரியாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஒருவர் தன் வாழ்க்கையிலேயே மிகவும் கஷ்டமான நாளைப் பற்றிப் பேசவேண்டும், சொந்தக் கதையாக இருக்கவேண்டும், அடுத்தவர் கதையைச் சொல்லக்கூடாது என்று முதல் நாளே நிபந்தனை சொல்லிவிட்டார்கள். யார் பேச்சு பாயல் மேடத்தின் மனதைத் தொடுகிறதோ அவர்களுடைய சரக்கு அவர் கடைகளுக்கெல்லாம் போகும் என்று அரசல்புரசலாகப் பேசிக்கொண்டார்கள். நீ என்னைப் பேசச் சொன்னாய். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரரைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேச என்னால் ஆகாது, நீயும் அதைத் தொடாதே, மாவைப் பற்றி மட்டும் பேசு என்று நான் சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தியமா பேசலைடி, நான் வேற ஏதாவது சொல்லிக்கறேன்" என்றாய்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வெளியே வந்த உன் நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் சரடைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டிருந்தாய். என்னடி இது கோலம் என்று கேட்டதற்கு, இந்த டிரெஸ்ஸுக்குப் பொட்டு நன்னாயில்லை என்றாய். கடற்கரைக்கு வந்த இடத்தில் கொஞ்சம் ஸ்டைலாக இருக்கட்டும் என்று நான் சிரித்தேன். வைதேஹி, அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. வாய் தவறி வந்த பேச்சு இல்லை அது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று தீர்மானம் செய்துகொண்டு வந்திருக்கிறாய்.

நீ பேசியதை நான் உனக்கே திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது பார். டிசம்பர் மாதம் என்றாய். மேரே பதி, என் கணவர், ஆபீசுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்றாய். தில்லிக் குளிரில் மாவு பொங்காது என்பதால் தன் மெரூன் ஸ்வெட்டரைக் கழற்றி மாவுப் பாத்திரத்துக்குப் போர்த்திவைப்பார் என்றாய். அவரை நிகம்போத் காட் மயானத்தில் விட்டுவிட்டு வந்து சமையலறைக்குள் போனால் மாவு பொங்கி அந்த ஸ்வெட்டரெல்லாம் வழிந்திருந்தது, அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது என்று சொல்லி நிறுத்தினாய். இந்தியில் எவ்வளவு அழகாகச் சொன்னாய்! ஊறுகாய்க்காரி விக்கி விக்கி அழுதாள்.

அடிப்பாவி, அது என் வீட்டுக்காரர், என் ஐயப்பன். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரியிடம் பின்னக் கற்றுக்கொண்டு நான் முதன்முதலில் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் அது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகக் கூச்சப்பட்டு, மாவுப் பாத்திரத்துக்குத்தான் சரி என்று கேலி செய்வார். மாவு வழிந்த அந்த ஸ்வெட்டரைத் துவைக்காமல் நான் டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பது உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். என் தங்கைக்குக்கூடச் சொன்னதில்லை.

நீ பேசும்போது உன் கால்விரல்கள் மணலுக்குள் போய்க்கொண்டே இருந்தன. முதலில் எனக்கு ஏனென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. மெட்டி. அவர்கள் ஊரிலும் புருஷன் இருக்கிறவள்தானே மெட்டி போடுவாள், பார்த்தால் கேட்டுவிடுவார்களே! உயிரோடு இருக்கிற மனுஷரை, நாலு ஊர் தள்ளி உனக்காகக் காத்திருக்கிற மனுஷரை, வாய் கூசாமல் அப்படிச் சொல்ல உனக்கு எப்படியடி மனம் வந்தது?

ஏன் அங்கேயே எழுந்து கேட்கவில்லை என்று நீ நினைக்கலாம். எழுந்தால் நான் என்ன சொல்வது? செத்துப்போனது என் புருஷன் என்று சொல்லவேண்டும். எதைச் சொல்ல மாட்டேன் என்றேனோ அதையே சொல்லவேண்டும். உன் மானமும் போகவேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். பக்கத்தில் இருந்த மெழுகுவர்த்திக்காரி என் தோளைத் தட்டி, உங்கள் அக்கா ரொம்பப் பட்டிருக்கிறார், நீங்கள்தான் அவரை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இந்தியில் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

அறைக்கு வந்ததும் நான் உன்னைக் கேட்டேன். நீ முதலில் அழுதாய், பிறகு கோபித்துக்கொண்டாய், பிறகு சிரித்தாய். "ஆத்துக்காரர்னுதானேடி சொன்னேன், அவர் பேரைச் சொன்னேனா? பேரைச் சொல்லலேன்னா அது அவரைச் சேராது" என்றாய். கல்யாணமான நாளிலிருந்து நாம் இருவரும் வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மரியாதைக்கு. நான் இப்போதுதான் எழுதிப் பழகுகிறேன். அந்த மரியாதையைக் கொண்டுபோய் நீ இப்படி ஒரு ஓட்டையாக வைத்துக்கொள்வாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. "யாருக்குடி நஷ்டம்? ஆர்டர் நம்ம ரெண்டு பேருக்கும்தானே" என்றும் கேட்டாய். எனக்குத்தான் நஷ்டம். அடுத்த விமானத்தில் தனியாக வந்துவிட்டேன், நீ மேடத்தோடு மும்பை போய்விட்டாய்.

உன்னைத் திட்டுவதற்காக மட்டும் நான் எழுத உட்காரவில்லை. நீ எனக்குச் செய்ததெல்லாம் எனக்கு மறந்துபோகவில்லை. அவர் போன மறுநாள் அந்த மாவைக் கொட்ட எனக்கு மனம் வராமல் நின்றபோது, நீதான் வந்து பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு போய் உன் வீட்டில் தோசை வார்த்து, ஊரிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் போட்டாய். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னபோது, மயூர் விஹாரில் உன் ஃபிளாட்டுக்குப் பக்கத்திலேயே எனக்கு வீடு பார்த்தாய். அரைத்து விற்கலாமே என்று யோசனை சொன்னவளும் நீதான். உன் நாள் ஒன்றையே நீ சொல்லியிருக்கலாமே! சின்ன வயதில் கல்யாண வீடுகளில் எச்சில் இலை எடுத்தாயே, அந்த நாளையாவது சொல்லியிருக்கலாமே. அதுவும் கஷ்டமான நாள்தானே, உன்னுடையதுதானே. நானே உட்கார்ந்து கைதட்டியிருப்பேன்.

சரி, செவ்வாய்க்கிழமை போனில் நீ கேட்டதற்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பாயல் மேடம் கேமராவோடு நம் மாவுக்கூடத்தைப் பார்க்க வருகிறார், உன் கதையைப் படம் பிடிக்கிறார். அதற்காக மாவுக்கூடச் சுவரில் இருக்கிற என் வீட்டுக்காரருடைய படத்தை எடுத்துக்கொண்டு போய் உன் வீட்டு ஹாலில் மாலையோடு மாட்டவேண்டும். ஸ்வெட்டரை எடுத்துக் கொடுக்கவேண்டும். வைத்தி அண்ணனை அன்று ஒரு நாள் குர்கானில் அவர் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். "ஒரே ஒரு நாள்தானேடி" என்றாய். கேட்டுவிட்டு, மாவுக்கு உளுந்து வந்துவிட்டதா என்று வேறு விசாரித்தாய். உளுந்து வந்துவிட்டது, நன்றாக இருக்கிறது.

படம் வராது. ஸ்வெட்டர் வராது. வைத்தி அண்ணனை நான் எங்கும் அனுப்பமாட்டேன். நான் யாரிடமும் எதையும் போட்டுக்கொடுக்கவும் மாட்டேன், அந்தப் பயம் உனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல மாவுக்கூடத்தில்தான் இருப்பேன். மேடம் வந்து, சுவரில் இருப்பவர் யார் என்று கேட்டால், என் கணவர் என்று சொல்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அது போதும், அவருக்குப் புரிந்துவிடும். அதற்குள் நீ வந்து உன் வாயால் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நல்லது. ஆர்டர் போனால் போகட்டும். பழையபடி இந்த நாலு பாக்கெட்டுக்கு அரைத்துக் கொடுத்துப் பிழைக்கலாம்.

ஆனால் மேடத்துக்கு முன்னால் நீ சொல்லவேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். நேற்று சாப்பாட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்த வைத்தி அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டு, "உமா, வைதேஹி அங்க நன்னாப் பேசினாளாமே, போன்ல சொன்னா, நீயும் கேட்டியோ?" என்று கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு. கேட்டேன் அண்ணா, எல்லோரும் அழுதுவிட்டார்கள் என்றேன். "அப்படி என்ன பேசினா?" என்றார். நீங்களே அவளைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். இன்னொரு தடவை கேட்டால் என்னால் சமாளிக்க முடியாது, வைதேஹி. அவர் முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரரை நினைத்து அழவேண்டும் என்றால் நான் உன்னிடம்தான் வருவேன். வேறு யாருக்கும் அந்த மாவும் ஸ்வெட்டரும் தெரியாது. இப்போது இருபது பேருக்குத் தெரியும், அவர்கள் உன்னை நினைத்து அழுகிறார்கள். நான் எங்கே போவது? கோபம் தீர்ந்தால் அதற்கு ஒரு பதில் சொல்.

விமானத்தை விட்டு இறங்கிய கையோடு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனேன். வைத்தி அண்ணன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் திருவோணம் என்று நீ எப்போதோ சொன்னது நினைவிருந்தது. யாருக்கு என்ன ஆயிற்று என்று குருக்கள் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை, ஆகக்கூடாது என்று வந்திருக்கிறேன் என்றேன்.

என்னைப் போன்றவள் இந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்பார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, சொல்கிறேன். நீ தீர்க்க சுமங்கலியாக இருக்கவேண்டும், வைதேஹி. கடிதத்தை முடிக்க ஏதோ ஒன்று எழுதவேண்டுமே என்று எழுதவில்லை. நீ ஒரு காலை நேரம் நடித்துப் பார்த்ததை நான் தினமும் எழுந்து வாழ்கிறேன். அது உனக்கு வரவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்துவிடு. பொட்டு வைத்துக்கொண்டு வா.

உமா