அம்மா போட்ட பேனாக் கோடு

எண்ணெய்க் கையால் என் முதுகைக் கண்டுகொண்ட அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நீ கவலைப்படுவாய் என்று எதையும் மறைக்கப் போவதில்லை.

போன தீபாவளிக் காலையில் குனிந்து உட்கார்ந்திருந்த எனக்கு எண்ணெய் தேய்த்தவள், நடுவில் கையை நிறுத்தினாய். "ஏட்டி, அசையாம குனி. வலது பக்கம் மட்டும் மேடா இருக்கே."

அப்பா வெளியிலிருந்தே, "புத்தகப் பை சுமந்து அப்படி இருக்கும்" என்றார்.

"பை சுமந்தா ரெண்டு பக்கமும்லா மேடாகணும்? நாளைக்கே டாக்டர்ட்ட போறோம்."

எக்ஸ்ரேயில் என் முதுகெலும்பு வளைந்திருந்தது. ஸ்கோலியோசிஸ். நான் இன்னும் வளர்வதால், உடம்பைச் சுற்றி இறுக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் கவசமான பிரேஸ் போட்டு வளைவு கூடாமல் நிறுத்தப் பார்க்கலாம் என்றார் டாக்டர். முற்றிய பிறகு வந்திருந்தால் அறுவை சிகிச்சையைத்தான் யோசிக்க வேண்டியிருக்குமாம்.

பிரேஸின் பட்டை முதுகுப்பக்கம். என் கைக்கு எட்டாது. எதுவரை இறுக்க வேண்டும் என்று நீ அதில் பேனாவால் ஒரு கோடு போட்டாய். நீ கண் மூடிய பிறகு அப்பாதான் மாட்டிவிடுகிறார். கோட்டுக்கு முன்பே அவர் கை நின்றுவிடுகிறது.

"வலிக்குதாம்மா?"

"இல்லப்பா. அம்மா கோடு வரைக்கும் இழுங்க."

சில நாள் இழுப்பார்; சில நாள் தளர்வாகவே விட்டுவிடுவார்.

பள்ளியில் தோழி சனா கதவைத் தட்டுவதுபோல என் பிரேஸைத் தட்டி, "அந்தர் கோன் ஹை?" என்று இந்தியில் கேட்பாள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து சில நேரம் நானே தட்டிப் பார்க்கிறேன். உள்ளே யார் இருக்கிறார்கள், அம்மா?

இன்று மறுபடி எக்ஸ்ரே. ஏ.எஸ்.ராவ் நகரில் பஸ் ஏறியதிலிருந்து அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். தளர்வாக மாட்டிய நாட்களை நினைத்திருப்பார்.

வளைவு கூடவில்லை! சரியான சமயத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் தெலுங்கில் சொன்னார். அப்பா தமிழில், "அவ அம்மா பாத்தது" என்றார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது.

ஆனால் நான் உயரமாகிவிட்டேனாம். வேறு பிரேஸ் செய்ய வேண்டும். அந்தப் பட்டையில் உன் கோடு இருக்காது. அப்போது அழுதுவிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இனி கோட்டை நான் போடுகிறேன். வளர்ந்து முடியும்வரை அப்பாவின் கையை அதற்கு முன்னால் நிற்க விடமாட்டேன். சத்தியம்.

டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டியபோது, உன் கை நின்ற இடம் எது என்று தேடினேன். கண்டுபிடிப்பதற்குள் அவர் விளக்கை அணைத்துவிட்டார்.

இப்போது யாரும் 'ஏட்டி' என்று கூப்பிடாத உன் மகள்,
முத்துலட்சுமி