பெரியாறு அணை எந்த மாநிலம்

12.8.1979, ஞாயிறு

மதுரையில் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதிவிட்டு இப்போதுதான் உத்தமபாளையம் வந்தேன். பக்ரா நங்கல், ஹிராகுட் எல்லாம் எந்த மாநிலம் என்று மனப்பாடம். பெரியாறு அணைப் பக்கத்தை மட்டும், நம்ம ஊர்ச் சங்கதிதானே என்று படிக்காமல் புரட்டிவிட்டேன். அதைத்தான் கேட்டிருந்தான். தமிழ்நாடு என்று எழுதினேன். கேரளாவாம். அந்த அணையைக் கண்ணால் பார்க்காத பக்கத்துப் பெஞ்சு மதுரைக்காரன் சரியாக எழுதியிருக்கிறான். அடுத்த பரீட்சைக்கு எனக்கு வயசு தாண்டிவிடும்.

அப்பாவிடம் சொன்னேன்.

"தண்ணி நம்ம வயலுக்குத்தான வருது? பெறகென்ன கேரளா?" என்று கேள்வி போட்டவனைத் திட்டினார். அதற்கு யார் மார்க் போடுவார்கள்?

சாப்பிட்டுக் கை கழுவும்போது, "காலையில நமக்கு முறைத் தண்ணி. இனிமே மடை தொறக்க நீயே போயிரு" என்றார்.

போகிறேன். கேரளாத் தண்ணி.