கேத்தல் ஆவி விழுங்கிய கதிர்

என் கூடப்பிறந்த தங்கமே, செல்வி,

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். "அக்கா, என் பிள்ள தேயிலை பேக்டரி வாசல மிதிக்கக் கூடாது" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து வாக்கு வாங்கினாய். போன செவ்வாய்க்கிழமை உன் மகள் கவிதா அதே வாசல் வழியாக உள்ளே போனாள். கூட்டிப்போனதே நான்தான்.

கோபப்படாதே, முழுசாகக் கேள். கோலாலம்பூரில் ஆராய்ச்சி படிக்கிறவள், நகத்தளவு சில்லு ஒன்று செய்திருக்கிறாள். அதற்குள் எலெக்ட்ரான்கள் கூட்டமாய் முன்னும் பின்னும் ஆடுமாம். பிளாஸ்மா அலைவு என்று பெயர். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு என்ன புரியும்?

"பெரியம்மா, தண்ணி டிரம்ம லோரியில ஏத்தி கம்போங் ராஜா மலை வளைவுல போனா என்னா ஆகும்?"

"மோதி மோதி வெளிய சிந்தும் லா."

"அதேதான். இதுல சிந்துறது தண்ணி இல்ல, டெராஹெர்ட்ஸ் கதிரு."

அந்த வளைவில்தான் ஒருநாள் முழு டிரம்மும் கங்காணி மேல் கவிழ்ந்தது, ஞாபகம் இருக்கா? அவர் நனைந்த மீசையோடு நம்மை முறைத்ததும், நீ சிரிப்பை அடக்க முடியாமல் கூடைக்குள் முகத்தை ஒளித்ததும்! சரி, கதைக்கு வருகிறேன்.

அந்தக் கதிரைத் தண்ணீர் விழுங்கிவிடுமாம். நடுவில் கொழுந்தை வைத்து, மறுபக்கம் எவ்வளவு கதிர் வருகிறது என்று பார்த்தால் இலையின் ஈரம் தெரிந்துவிடும். பேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் அதைச் சோதிக்க மேனேஜர் துரையின் சம்மதம் வேண்டும். கிடைக்காவிட்டால் படிப்பு அந்தரத்தில் நிற்கும். நான் என்ன செய்ய? உனக்குத் தந்த வாக்கா, உன் மகளா?

பேக்டரி ஆபீசில் துரைக்குக் காட்ட, சில்லு இருக்கும் பெட்டியைத் திறந்து வைத்தாள். மறுபக்கம் வந்து சேரும் கதிரைக் காட்டும் கோடு கணினியில் மலைபோல் நிமிர்ந்து நின்றது. பெரிய மனுஷரை வாய் நனைக்காமல் அனுப்பலாமா? கொதிக்கக் கொதிக்கத் தேநீர்க் கேத்தலைக் கொண்டுவந்து, பெட்டியை ஒட்டியே வைத்து மூடியைத் திறந்தேன். கோடு பொத்தென்று படுத்துவிட்டது.

"என்னா மிஸ், மெஷின் ரொசாக்கா, கெட்டுப் போச்சா?" என்றார் துரை.

கவிதா பதறிப்போய்ப் பெட்டி மேல் குனிந்தாள். ஒயரை ஆட்டினாள், பொத்தானை அமுக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஐயோ பெரியம்மா! ஆவிதான் கதிர முழுங்குது. மூடுங்க!"

மூடினேன். ஆவி கலைந்ததும் கோடு எழுந்தது. துரை தானே மூன்று தடவை மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"ஆவிக்கே படுக்குதுன்னா இலைக்குச் சொல்லணுமா! ஆறு மாசம் எடுத்துக்குங்க மிஸ். ஆனா உங்க பெரியம்மா கேத்தலோட மாடி ஏறக் கூடாது லா."

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மாலை போட்ட உன் படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். எதற்காக அந்த வாக்கைக் கேட்டாய், செல்வி? கூடை சுமக்கக் கூடாதென்றா, கைகட்டி நிற்கக் கூடாதென்றா? நான் கண்டதைச் சொல்கிறேன்: அவள் நாற்காலியில் உட்கார்ந்து விளக்கினாள். துரை நின்றுகொண்டு கேட்டார்.

ஆறு மாதம் முடிந்த மறுநாள் அவள் மலை இறங்குவாள். துரை இங்கேயே வேலை தந்தாலும் சரி, "உங்களோடவே இருந்துடட்டா?" என்று அவளே கேட்டாலும் சரி, துணிப்பெட்டியை நானே பஸ்ஸில் ஏற்றுவேன். அழுதாலும் ஏற்றுவேன். இது நீ கேட்காமலே நான் தரும் வாக்கு.

உன் பிள்ளைக்குப் பெரியம்மாவான,
உன் அக்கா பாக்கியம்