நன்றி சொல்லக் குனிந்தபோது

யாய்சு, நவம்பர் 20

என் அன்பிற்குரிய கென்சாகு அவர்களுக்கு, தொமோயே எழுதுவது.

உங்கள் சூரைமீன் கப்பல் கேப் டவுனில் கரை தொடும்போது இது கைக்கு வரும். முட்டிவலி தேவலையா? நம் மரத்துக் காக்கிப் பழங்களைத் தோல் சீவி, காய்ந்து இனிக்கட்டும் என்று வாசலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நல்ல காய்ப்பு. தின்னத்தான் ஆளில்லை.

சொல்ல வேண்டியது வேறு. போன மாதம் ஏழாம் தேதி காலை, சந்தை முனையில் வலப்பக்கம் திரும்பக் காத்திருந்தேன். எதிரே வந்த லாரி நின்று, விளக்கை அடித்து வழி விட்டது. வழி விட்டவரைக் காக்க வைக்காதே, தலை வணங்கிவிட்டுச் சட்டென்று போய்விடு என்று வண்டி பழக்கும்போது சொன்னீர்களே, அப்படியே செய்தேன். குனிந்த தலை நிமிர்வதற்குள், லாரிக்கு அந்தப் பக்கம் ஓரமாக வந்த ஸ்கூட்டர் என் காரில் மோதியது. ஸ்கூட்டரில் வந்தவள் பெயர் ஹகிவாரா மிசுஹோ. இருபத்து நான்கு வயது, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மத்தியானம் செத்துப்போனாள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. ஓட்டியவள் நான்.

போலீஸ்காரர் படிவத்தில் எத்தனையோ வகை இருக்கிறது. பின்னால் மோதுவது, தூங்கிவிடுவது, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது. என்னுடையதற்கு நன்றி விபத்து என்று பெயராம். அடிக்கடி நடப்பதுதான் என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், பாவம்.

லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். வழக்கு பிப்ரவரியில். சிறை என்றால் போகிறேன், அது பெரிதில்லை.

இழவுக்குப் போனேன். வாசலில் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தேன். அவள் அப்பா திட்டவில்லை.

"தலையைத் தூக்கும்மா. அன்னைக்கும் குனிஞ்சுக்கிட்டுத்தானே இருந்தே," என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

வரும் இருபத்து நான்காம் தேதி அவளுக்கு நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு. ஊதுபத்தி வைக்க ஒரு தடவை உள்ளே விட்டால் போதும். ஆனால் குனியாமல் எப்படி மன்னிப்புக் கேட்பது? பிறந்ததிலிருந்து எனக்கு வேறு வழி தெரியாது. கண்ணாடி முன் நின்று பார்க்கிறேன், கழுத்து தானாகவே தாழ்கிறது.

நீங்கள் வர ஏப்ரல் ஆகும். அதுவரை அந்நிய ஊர்த் தெருக்களில் யாராவது உங்களுக்காக வண்டியை நிறுத்தினால், அவசரப்படாதீர்கள். அவர் காத்துக் கிடக்கட்டும். வணங்க வேண்டாம். இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துவிட்டு, நிமிர்ந்தே வீடு வந்து சேருங்கள்.

உங்கள் தொமோயே