இரண்டு படி மஞ்சள் மாவு

கொடைக்கானல்,
3-12-1962

அன்புள்ள சந்தனத்துக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். நீயும் மகள் அமராவதியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

என் அமெரிக்கத் துரையும் துரைசானியும் கிறிஸ்துமஸுக்குப் பெங்களூர் போகிறார்கள். எனக்கு ஏழு நாள் லீவு. 23-ம் தேதி வந்துவிடுவேன். பண்டிகைச் சாப்பாட்டுக்கு உன் அண்ணன் வீரய்யா குடும்பத்தை அழைத்துவிடு. அவர் மகனுக்கு அமராவதியைக் கொடுக்கும் பேச்சை அன்றைக்கே முடித்துவிடலாம்.

சமையல் என்னுடையது. துரைசானி வீட்டில் வருஷா வருஷம் பண்டிகைக்குச் செய்கிற பண்டம். மஞ்சள் மக்காச்சோள மாவில் ரொட்டி சுட்டு, ஒரு நாள் காயவிட்டு, கையால் உதிர்த்து, வெங்காயம், வெண்ணெய், முட்டை, கோழிச்சாறு எல்லாம் விட்டுப் பிசைந்து, முழுக் கோழியின் வயிற்றில் திணித்து வேகவைப்பது. பதினோரு வருஷமாக அதைச் செய்து மேசையில் வைத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறேன். ஒரு தடவையாவது நம் வீட்டில் நானும் உட்கார்ந்து அதைச் சாப்பிட வேண்டும்.

அந்த மாவு கடையில் கிடைக்காது. நீ சமைக்கும் பள்ளிக்கூடத்து மதிய உணவுக்கு அமெரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிறதே, அதேதான். அறைச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது. இரண்டு படி எடுத்து வை.

அன்புடன்,
ராக்கன்


மேலக்காடு, அறந்தாங்கி வழி,
9-12-1962

அன்புள்ள மச்சானுக்கு சந்தனம் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் நலம்.

உங்கள் கடிதத்தைக் காலைக் கஞ்சிக்கு முன்னால் படித்துத் தொலைத்தேன். அதோடு கஞ்சி இறங்கவில்லை. ரொட்டியைச் சுட்டு, அது காய்ந்து விறைத்த பிறகு பிய்த்துப்போட்டுச் சாறு விட்டுப் பிசைவதாம். நம் ஊரில் அதை மாட்டுத் தொட்டியில் கொட்டுவார்கள். அதுவாவது போகட்டும். கோழிக்குள்ளே திணிப்பதாம். எந்த வழியாக என்று எழுதாமல் விட்டீர்களே, அந்த மட்டும் புண்ணியம். குடலும் எச்சமும் கிடந்த இடத்தில் சாப்பாட்டை அடைத்து, வெந்ததும் கரண்டி விட்டுத் தோண்டி, சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு இலையில் வைப்பதா? அண்ணன் பெண்டாட்டி கண்ணாத்தாள் மதினி மீனை ஐந்து தண்ணீரில் அலசுகிறவள். அவள் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தால் நம் மகள் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

மாவு விஷயம் இதைவிட அசிங்கம். அறுபது பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும். பாதிப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் சோறு. மூக்கன் மகள் தட்டை விரலால் வழித்து நக்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதில் கைவைக்கச் சொல்ல உங்களுக்குக் கூசவில்லையா? நான் மாட்டேன். ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைக்கிறேன். ஒரு குறையும் வராது. நீங்கள் நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
சந்தனம்


மேலக்காடு,
31-12-1962

மச்சானுக்கு,

நீங்கள் பஸ் ஏறி இரண்டு நாள் ஆகிறது. நாளை மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறதே என்று இன்றைக்கு மாவு சலிக்கப் போனேன்.

"மாவு கொடைக்கானல்லேருந்தே கொண்டாந்துட்டேன், துரைசானி குடுத்துச்சு" என்றீர்கள். நம்பினேன். பானை மூடிமேல் தணலைப் போட்டு நீங்கள் வேகவைத்த வாசம் தெருவெல்லாம் போனது. கண்ணாத்தாள் மதினி கேட்டு வாங்கித் தின்றாள். அண்ணன், "மாப்பிள்ளை, இந்தக் கைய இம்புட்டு நாளா எங்கிட்டு ஒளிச்சு வச்சிருந்தீங்க" என்று சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில்தான் தை மாதம் கல்யாணம் என்று வெற்றிலை மாற்றினார். நானும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். எல்லாரும் போன பிறகு பானையையும் வழித்துத் தின்றேன்.

களத்தில் நெல் அம்பாரத்துக்குக் குறி போடுகிறார்களே, அதுபோல மாவைத் தட்டிச் சமன்செய்து, என் வலது கையை விரித்துப் பதித்துவிட்டுத்தான் மூட்டையைக் கட்டுவேன். யாராவது தொட்டால் தெரிந்துவிடும். இதை உங்களிடம் பெருமையாகச் சொன்னவளும் நான்தான். இன்றைக்கு மூட்டையை அவிழ்த்தேன். கை பதிந்திருந்தது. பெரிய கை. சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. துரை வீட்டுக் கறி அரைக்கும் மெஷினில் நீங்கள் பறிகொடுத்த விரல்.

24-ம் தேதி நானும் மகளும் சந்தைக்குப் போன நேரத்தில் சாவியை எடுத்திருக்கிறீர்கள். எடுத்ததைக்கூட விடுங்கள். உங்கள் கையை என் கை மாதிரிப் பதித்துவைத்து, மறுநாள் என்னையும் உட்காரவைத்து ஊட்டினீர்களே, அதை நினைத்தால் குமட்டுகிறது. கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். ஆறு நாளைக்கு முன் தின்றது வயிற்றில் இருக்காதென்று தெரியும். ஆனாலும் நிற்கவில்லை.

சந்தனம்


கொடைக்கானல்,
5-1-1963

அன்புள்ள சந்தனத்துக்கு,

எடுத்தது நான்தான்.

முதலில் துரைசானியிடம்தான் கேட்டேன். "உங்க ஜனங்களுக்கு இதோட ருசி தெரியாதே ராக்கா" என்று சிரித்தார்கள். வேறொன்றும் சொல்லவில்லை, சிரித்தார்கள். அதிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. இரண்டு படி மாவு சந்தனம். எலியும் வண்டும் அதைவிட அதிகம் தின்கிறது. இரண்டு படி அரிசி வாங்கி அங்கே போட்டுவிடு, சரியாகிவிடும்.

ஹெட்மாஸ்டரிடம் வாய் திறக்காதே. உன் வேலை போய்விடும். வீரய்யா காதுக்குப் போனால் கல்யாணமும் போய்விடும். என்மேல் உள்ள கோபத்தில் மகள் வாழ்க்கையைக் கெடுத்துவிடாதே. அன்றைக்கு நான் உட்கார்ந்து சாப்பிட்டபோது நீ என்னைப் பெருமையாகப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

அன்புடன்,
ராக்கன்


மேலக்காடு,
16-1-1963

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். யார் எடுத்தது என்று கேட்டார். "எங்க வீட்டுலதான்யா" என்றேன். நல்ல மனிதர், மேலிடத்துக்கு எழுதவில்லை. ஆனால் இப்போது காத்தாயி சமைக்கிறாள். உப்பு கூடிப்போகிறது என்று பிள்ளைகள் என்னிடம் வந்து சொல்கிறார்கள்.

அண்ணன் வீட்டுக்கும் போனேன். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சோத்தையா எங்களுக்குப் போட்டீங்க" என்று மதினி வாசலில் போய்த் துப்பினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் அவளை உள்ளே போகச் சொன்னார். பிறகு, "நீயா வந்து சொன்னேல்ல ஆத்தா, அதுக்காகப் பொண்ண எடுத்துக்கிறேன்" என்றார். பிப்ரவரி 7, வியாழக்கிழமை கல்யாணம்.

அந்தத் துரைசானி சிரித்தது எனக்கும்தான் எரிகிறது. அன்றைக்கே அதை என்னிடம் சொல்லியிருந்தால், எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும், திண்டுக்கல் பக்கம் ஆள் விட்டு மக்காச்சோளம் வாங்கி நானே இடித்துத் தந்திருப்பேன். நீங்கள் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு வாருங்கள். மகளைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப்போக அப்பா வேண்டும். புது வேட்டி எடுத்திருக்கிறேன். முதல் பந்தியில் உட்காருங்கள், மரியாதை குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். அடுப்பங்கரைப் பக்கம் மட்டும் வர வேண்டாம். உங்கள் கைபட்ட எதையும் இனி என்னால் விழுங்க முடியாது. சாயங்காலம் புதுக்கோட்டை பஸ்ஸில் திரும்பிவிடுங்கள். அதற்குப் பிறகு லீவு எடுக்க வேண்டாம்.

ஏன் உடனே கிளம்புகிறீர்கள் என்று மகள் கேட்பாள். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு வரும்.

சந்தனம்