பிலாத்து பேரைச் சொல்லாத மாமாவுக்கு

மாமா,

இன்று காலை சிதம்பரத்தில் ஆராதனை தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஜெபப் புத்தகத்தைத் திறந்தேன். நெத்திலிக் கருவாட்டு வாசனை குப்பென்று எழுந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த டீச்சர் தன் கைப்பையை முகர்ந்து பார்த்துக்கொண்டார். என் அம்மா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னுமாடி அத வெச்சிருக்க?" என்றாள்.

நீங்கள் கொடுத்த காகிதம்தான் மாமா. விசுவாசப் பிரமாணத்தின் ஜெராக்ஸ். நாம் எதையெல்லாம் நம்புகிறோம் என்று சபை முழுவதும் எழுந்து நின்று ஒரே குரலில் சொல்கிறோமே, அந்தப் பத்துப் பன்னிரண்டு வரிகள். அதை வீட்டிலேயே பத்திரமான இடத்தில் வைக்கிறேன் என்று நீங்கள் கருவாட்டு டப்பாவில் வைத்திருந்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "எலி வந்தா கருவாட்டத்தான் திங்கும் பாப்பா, காயிதத்த தொடாது" என்றீர்கள். அந்த விளக்கத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் அப்போது குடியிருந்த முதுநகரில் ஆலயத்துக்குப் பின்னால் இருந்த அறையில் சனிக்கிழமை தோறும் நமக்குத் திடப்படுத்தல் வகுப்பு, சபையில் முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும் சடங்குக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர், கூடவே அறுபத்து மூன்று வயது மீனவரான நீங்கள். முதல் நாள் கஞ்சி போட்ட வேட்டியோடு வந்து நின்றவரை, ஃபேன் ரிப்பேருக்கு வந்தவர் என்று நினைத்து நான் சுவிட்சைக் காட்டினேன்.

"ஃபேன் நல்லாத்தான் சுத்துது பாப்பா. எம் மண்டதான் சுத்த மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, சின்ன பெஞ்சில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்தீர்கள்.

பிரமாணத்தை மனப்பாடமாக ஒப்பித்தால்தான் திடப்படுத்தல். திடப்படுத்தல் ஆனால்தான் பீடத்தின் முன் மண்டியிட்டு அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து. நான் இரண்டாவது வாரமே ஒப்பித்துவிட்டேன் என்பதால், வகுப்பு நடத்திய ஆயர், "மாமாவுக்கு நீயே சொல்லிக்குடும்மா" என்றார். அன்று நான் வீட்டுக்கு நடந்து வந்த நடையைப் பார்த்து அப்பா, "என்ன, பேராயரே நீதானா?" என்று கேட்டார்.

உங்களுக்கு ஏன் இந்த வயதில் இது என்று கேட்டபோது நீங்கள் சிரிக்காமல் சொன்ன ஒரே பதில் இதுதான்: "ஒங்க அத்த திருவிருந்துக்கு எழுந்து போவும். நான் கடைசி பெஞ்சில அது பைய காத்துக்கினு ஒக்காந்திருப்பேன். நான் கோயிலுக்கு வர ஆரம்பிச்சி பதினோரு வருசம் பாப்பா. ஒரு தடவயாச்சும் அதும் பக்கத்துல மண்டி போடணும்." திடப்படுத்தல் கொடுக்கப் பேராயர் வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் என்று நான் சொன்னதும் நெஞ்சைத் தொட்டுக் காட்டினீர்கள். "டாக்டரு உள்ள ஸ்பிரிங் வெச்சி அனுப்பியிருக்காரு. அதுக்கு எத்தினி வருசம் கேரண்டின்னு சொல்லல."

அதனால் நான் மிகவும் பொறுப்பாகத் தொடங்கினேன். நோட்டில் சிவப்பு மையில் தலைப்பு, நீல மையில் விளக்கம். நீங்களோ ஒவ்வொரு வரியிலும் வண்டியை நிறுத்தினீர்கள். வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்றால், "கடல ஏன் சொல்லல?" மொத்தத்திலும் ஒரு படகு இல்லை, ஒரு வலை இல்லை. "இத எழுதினவன் கரையில ஒக்காந்து எழுதியிருக்கான்" என்று தீர்ப்பே கொடுத்துவிட்டீர்கள்.

'பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு' என்ற வரிக்கு வந்தபோதுதான் வண்டி முழுக்க நின்றது.

"யாரு இவன்?"

"இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பின ஆளுநர், மாமா."

"அனுப்பிட்டு?"

"கையைக் கழுவிக்கொண்டார்."

"ஓகோ. அவன் பேர வாராவாரம் சபையே எழுந்து நின்னு சொல்லணும். கூடவே திரிஞ்ச பேதுரு, எங்காளு, வலைய போட்டுட்டு பின்னால வந்தவன், அவன் பேரு இல்ல. இது என்னா நாயம்?"

நான் இரண்டு புத்தகங்களைப் புரட்டிவிட்டு அடுத்த வாரம் வந்தேன். இது கட்டுக்கதை இல்லை, ஒரு காலத்தில் ஓர் ஊரில் நடந்தது என்று காட்டத்தான் அந்தப் பெயர் இருக்கிறது என்று விளக்கினேன். "நீங்கள் மட்டும் மகள் கல்யாணம் எப்போது என்றால், தானே புயலுக்கு முந்தின மாசம் என்று சொல்வதில்லையா? புயலுக்கு மரியாதை கொடுக்கவா சொல்கிறீர்கள்?"

யோசித்தீர்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். "புயல எவனாவது எழுந்து நின்னு கும்பிடுவானா பாப்பா? நான் சொல்ல மாட்டேன். அந்த எடத்துல பேதுருன்னு போட்டுக்கறேன்." அப்படியே போட்டுக்கொண்டீர்கள். மூன்று மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும், பேதுருவின் காலத்தில் பாடுபட்டு, பேதுருவின் காலத்தில் பாடுபட்டு. எனக்கு அழுகையே வந்தது.

கடைசி வரிகளில் மட்டும் நீங்கள் வாதாடவில்லை. சரீரம் மறுபடி உயிர்த்தெழும் என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. புயல்களுக்குப் பெயர் வைக்காத காலத்தில் உங்கள் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடல் கிடைக்கவில்லை. "மண்ணுல பொதச்சவன் எழுந்துருவான், செரி. மீனு தின்னவன்?"

அடுத்த வாரத்துக்குள் வேதத்தில் தேடி, கடைசி நாளில் கடலும் தன்னிடம் உள்ளவர்களைத் திருப்பிக் கொடுக்கும் என்று கண்டுபிடித்துவந்து சொன்னேன்.

"கடலு குடுக்குமா? எங்ககிட்ட புடுங்கின வலையக்கூட அது குடுத்ததில்ல." பிறகு என் பக்கம் குனிந்தீர்கள். "முழுசா வருவானா பாப்பா?"

"முழுசாத்தான் மாமா" என்றேன். புத்தகத்தில் அவ்வளவு தெளிவாக இல்லை. ஆனாலும் சொன்னேன்.

ஒப்பிக்கும் நாள் வந்தது. "நம்ம கெட்டிக்காரப் பொண்ணுகிட்டேர்ந்து ஆரம்பிப்போம்" என்றார் ஆயர். நான் எழுந்தேன். கவலையெல்லாம் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த உங்களைப் பற்றித்தான். பேதுரு என்று சொல்லி அடுத்த வருடத்துக்குப் போய்விடுவீர்களே என்று. படைப்பைச் சொன்னேன், பிறப்பைச் சொன்னேன். அடுத்து என் வாயிலிருந்து கணீரென்று வந்தது: "பேதுருவின் காலத்தில் பாடுபட்டு."

ஆயரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்கு மேல் எனக்கு ஒரு வரியும் நினைவில்லை. அந்தப் பெயர் என்ன? சிவப்பு மையில் எழுதிய பெயர்!

அப்போது பெஞ்சு சாய்கிற சத்தம். "பிலாத்து! பாப்பா, பிலாத்து! பொந்தியு பிலாத்து!" துறைமுகத்தில் நின்று நடுக்கடல் படகைக் கூப்பிடுவதுபோல நீங்கள் கத்தினீர்கள்.

அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் கடைசி வரிவரை போய்ச் சேர்ந்தேன்.

"அந்தப் பேர சொல்லவே மாட்டேன்னு யாரோ இருந்தாங்களே?" என்றார் ஆயர்.

"எனக்காவ சொல்லல ஐயா. புள்ள முங்குது. கையில எது கெடைக்குதோ அத போட்டுத்தான தூக்கணும்?"

உங்கள் முறை வந்தபோது, "அந்தப் புயலு... பொந்தியு பிலாத்து காலத்துல" என்று சொல்லித் தொடர்ந்தீர்கள். புயலை ஆயர் காதில் வாங்காதவர்போல இருந்துவிட்டார். பாவமன்னிப்பு என்றால் என்ன என்று நான் நோட்டில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அன்றுதான் அதை நேரில் பார்த்தேன்.

முதல் திருவிருந்தில் அத்தை பக்கத்தில் மண்டி போட்டீர்கள், ஒயர் கூடையோடு. முருங்கைக்காய் மூன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "பைய ஏன்யா தூக்கினு வந்த?" என்று அத்தை கிசுகிசுத்தது நாலு பேருக்குக் கேட்டது. "பழக்கம் உடல" என்றீர்கள்.

அப்பாவுக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தபோது இந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். "எனக்கு மனப்பாடம். நீ வெச்சிக்க, மறுபடி மறந்துறப் போற."

இரண்டு மாதம் முன்பு, உங்கள் ஸ்பிரிங் நின்றுவிட்டது என்று அத்தை போன் செய்தார். பஸ் பிடித்து வந்தோம். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் பிரமாணம் சொன்னோம். பிலாத்து வரியில் அத்தை சட்டென்று நிறுத்தி என் கையைப் பிடித்தார். "இந்த எடத்துல வாராவாரம் இருமுவாரு பாப்பா. பேரயும் சொன்னாமாரி, சொல்லாதமாரி." அழவேண்டிய நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆயர் எங்களைப் பார்த்தார். பிறகு அவரும் இருமினார்.

இப்போது அந்த இருமலை நான் வைத்திருக்கிறேன். இன்றும் சரியான இடத்தில் இருமினேன். டீச்சர் எனக்கு ஒரு இருமல் மிட்டாய் கொடுத்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. கடைசியாகப் பார்த்த அன்று வாசல் வரை வந்து, "அந்த ஒடம்பு எழுந்திரிக்கிற வரிய மட்டும் கொஞ்சம் சத்தமா சொல்லு பாப்பா. கடல்ல கெடக்கறவனுக்கும் கேக்கணும்" என்றீர்கள். நீங்கள் மண்ணுக்குள், அண்ணன் தண்ணீருக்குள். ஒரே வரியில் இரண்டு பேரையும் எழுப்பவேண்டும். சிதம்பரத்திலிருந்து கடல் கொஞ்சம் தூரம் மாமா. அதனால் சபை முழுவதும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொல்கிறேன்.