கன்று இல்லாமல் வந்த பால்

நுவேவா எசிஹா,
மார்ச் 3

அன்பு மகள் மரிவிக்குக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலிதான், சேவல் சண்டை பார்க்கப் போகிற அன்றைக்கு மட்டும் அது காணாமல் போய்விடுகிறது. நெதர்லாந்துக் குளிரில் உன் இருமல் விட்டதா, வேளைக்குச் சோறு பொங்குகிறாயா, இல்லை ரொட்டியைக் கடித்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்திலேயே கிடக்கிறாயா? பக்கத்துத் தெரு லோர்னா நர்ஸ் வேலைக்கு அங்கே வருகிறாள், அவளிடம் கருவாடும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை அப்புறம் பிரி, முதலில் இதைப் படி. போனில் சொல்ல மூன்று தடவை கூப்பிட்டேன், உன் முகத்தைப் பார்த்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மரிவிக், இருபத்தோராம் தேதி உன் முனைவர் பட்ட ஆய்வோடு நீ தேர்வாளர்கள் முன்னால் போய் நிற்காதே. உன் இரண்டாம் அத்தியாயம் முழுக்க என் எருமை ஆராய்ச்சியின் எண்களை நம்பி இருக்கிறது, அந்த எண்கள் பொய். எங்கள் பல்கலைக்கழகப் பண்ணையில் எருமைகளைப் பார்த்துக்கொண்ட தெலியோ அண்ணனை உனக்குத் தெரியும், போன சனிக்கிழமை அவர் ஓய்வு பெற்றார், முழுப் பன்றி சுட்டு விருந்து வைத்தோம். இரண்டு பீர் உள்ளே போனதும் தட்டோடு என் பக்கத்தில் வந்து, இனிமே ஊசி யாரு மேடம் போடுவாங்க என்றார். என்ன ஊசி என்றேன். சிரிக்கிறார். கன்னு இல்லாம எந்த எருமை மேடம் பாலு விடும், நீங்க ரத்தம் எடுக்க வர்றதுக்கு முன்னாடி நான்தான் கழுத்துல ஒண்ணு குத்திருவேன், பாலு வரலேன்னா மத்தியானம் வரைக்கும் பட்டினியா நிப்பீங்க, பார்க்கப் பொறுக்கல என்றார். பால் இறங்க வைக்கும் அதே ஹார்மோன்தான் அந்த ஊசியில் இருந்தது. மடியை நீவிப் பழக்கினால் கன்று இல்லாமலே எருமைக்கு அது சுரக்கும் என்று பதினோரு வருஷம் எழுதினேனே, அவர் உள்ளே ஏற்றியதைத்தான் நான் வெளியே எடுத்து அளந்திருக்கிறேன்.

இதோடு நிறுத்தினால் பாவம், அம்மா ஏமாந்துவிட்டாள் என்று நீ பரிதாபப்படுவாய். ஆறு வருஷத்துக்கு முன்னால் தொழுவத்து வைக்கோலில் ஒரு காலி மருந்துக் குப்பி என் காலில் இடறியது. எடுத்துப் பெயரைப் படித்தேன், அதே ஹார்மோன், கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடும். அந்த வருஷம்தான் பேராசிரியர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. பிறகு நீ அந்த எண்களைக் கேட்டாய், அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம், பெற்ற பிள்ளை கையிலேயே தூக்கிக் கொடுத்தேன். என்ன தாய் நான்?

நேற்றுப் பண்ணைக்குப் போய் ஊசி இல்லாமல் கறக்கச் சொன்னேன். மடியைக் கழுவி, வெந்நீர் ஒற்றி, ஒரு மணி நேரம் நீவினோம், சொட்டுப் பால் இல்லை. கன்றை அவிழ்த்துவிட்டோம், அது ஓடிவந்து முட்டியதும் நுரைத்துக்கொண்டு இறங்கியது. சாணியென்றும் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என் பேச்சைக் கேட்டுக் கன்றுகளைப் பிரித்த குடியானவர்கள் எத்தனை பேரோ.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், உன் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லி அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு. ஒரு வருஷம் போகும், போகட்டும். என் கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன், இது உன் கையில் கிடைத்த மறுநாள் அனுப்பிவிடுவேன், வேறு யார் வாயாலும் நீ இதைக் கேட்கக் கூடாது. என்னைத் திட்டு, பேசாமல் இரு, தாங்கிக்கொள்வேன். விடும்மா, யாருக்குத் தெரியப் போகுது என்று மட்டும் சொல்லிவிடாதே. குப்பியைப் பைக்குள் போட்டபோது நான் சொல்லிக்கொண்டதும் அதைத்தான்.

மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும், காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொள். மறந்துவிடாதே, ஆய்வின் முதல் பக்கத்தில், கண்டதை மட்டுமே எழுதக் கற்றுத்தந்த அம்மாவுக்கு என்று ஒரு வரி போட்டிருக்கிறாய். மற்றதெல்லாம் அப்புறம், அந்த வரியை இன்றைக்கே அடித்துவிடு.

உன் அம்மா,
எஸ்தெலிதா